விழுந்த பிறகு விழிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எனக்கு 47 வயதில் வேலை போயிற்று. மலேசியாவில் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் 19 வருஷம் மேற்பார்வையாளர். ஆள்குறைப்பு என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள், மேசையைக் காலி பண்ணச் சொன்னார்கள், அவ்வளவுதான். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். செரண்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காரை நிழலாகப் பார்த்து நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறு மணிக்கு வீடு திரும்புவேன். மூன்றாம் மாதம் வங்கிக் கடிதம் காட்டிக்கொடுத்தது. வேலை போனதை என் மனைவி பொறுத்துக்கொண்டிருப்பார். பொய்யை அவரால் பொறுக்க முடியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு பந்திங்கிலுள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் உலு யாமில் என் அம்மா வீட்டுக்கு வந்தேன்.

அந்த வீட்டு வாசலில் ஒன்றரை வருஷம் கிடந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலை போனவர், மணவாழ்க்கை முறிந்தவர், பிள்ளையையோ துணையையோ பறிகொடுத்தவர், குடியிலிருந்து வெளியே வரப் பார்க்கிறவர், எல்லாருக்கும் ஏதாவது ஒரு பகுதி உதவும். நான் சாமியாரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. விழுந்த இடத்தில் கொஞ்ச நாள் கிடந்தவன், அவ்வளவுதான்.

தொடங்குமுன்: எதை விழிப்பு என்கிறோம்?

ஆன்மிக விழிப்பு என்றாலே மின்னல் அடித்த மாதிரி ஒரு கணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்கு ஒருவிதத்தில் ரமண மகரிஷிதான் காரணம். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி அறையில், 16 வயதுப் பள்ளி மாணவனாக இருந்த அவரைத் திடீரென்று சாவு பயம் பிடித்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளுக்குள் பார்த்தார். போன பயம் பிறகு திரும்பவே இல்லை. ஆறு வாரம் கழித்து, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

அது கோடியில் ஒருவருக்கு நடப்பது. நமக்குக் கிட்டத்து உதாரணம் சுவாமி சிவானந்தர். பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887-இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913-இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை. பிறகு ஜொகூர் பாருவில். பத்து வருஷம் நம் பாட்டன் பூட்டன் மாதிரி ஆட்களின் காய்ச்சலையும் புண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியம் பார்த்த ஒரு சாது கொடுத்துவிட்டுப் போன வேதாந்தப் புத்தகம் மனத்தைக் கிளறியது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். திரும்பியதும் ஞானம் வந்துவிடவில்லை. ஊர் ஊராக அலைந்தார். தலாஜ் என்ற ஊரில் ஓர் அஞ்சலதிகாரி வீட்டில் சமையலாளாகப் பாத்திரம் கழுவினார். 1924-இல் ரிஷிகேசத்தில் சன்னியாசம். 1927-இல் காப்பீட்டுப் பணம் கொஞ்சம் கைக்கு வந்தது. அதை வைத்து லட்சுமண் ஜூலாவில் ஏழைகளுக்கு ஒரு தர்ம மருந்தகம் திறந்தார்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறியது, துணி காவியானது, ஆனால் அவர் டாக்டராகவே இருந்தார். விழுந்தவர்களில் பாதிப் பேர் 'நான் வேறு ஆளாக மாறிக் காட்டுகிறேன்' என்று கிளம்புகிறோம். நானும் கிளம்பினேன். அந்த வேறு ஆள் கடைசிவரை வரவில்லை.

படி 1: முதலில் உடம்பு

தியானம், கோயில், குரு எல்லாம் இருக்கட்டும். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? சிவானந்தர் தன் சீடர்களுக்கென்று ஓர் ஆன்மிக நாட்குறிப்பு அட்டவணை போட்டுக்கொடுத்தார். அதில் ஜபம் எத்தனை மாலை என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டிருப்பார். டாக்டர் புத்தி.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாமல் கிடப்பது, சோறு இறங்காதது, எதிலும் ஒட்டாதது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். 'மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை' என்று சொன்னால் போதும், அவர்கள் கேட்கவேண்டியதைக் கேட்பார்கள். தேவையென்றால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள். நம் ஆட்கள் 'பைத்தியக்கார டாக்டரா?' என்று கூசுவார்கள். நான் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சாமி கும்பிடுவதற்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை.

குடிக்கிறவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. நாள் தவறாமல் சம்சுவோ பீரோ நிறையக் குடித்தவர், வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், பிரமை, வலிப்புவரை போகலாம். உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக்கொடுத்து, அந்தப் பழக்கத்தை மூன்று தலைமுறைக்கு வளர்த்துவிட்டார்கள். அதிலிருந்து வெளியே வர ஓர் இரவு வைராக்கியம் போதாது.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மேலே படிக்கவேண்டாம். இப்போதே யாரையாவது கூப்பிடுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்; தமிழில் பேச ஆள் உண்டா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொடர்பு எண் 15555. முன்பெல்லாம் தற்கொலைக்கு முயன்றவர் மீதே வழக்குப் போட இடமிருந்தது. அதனாலேயே மருத்துவமனைக்குப் போகப் பயந்தார்கள். அந்தக் குற்றவியல் சட்டப் பிரிவு 309, 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. பயமில்லாமல் போகலாம்.

படி 2: காகிதங்களை மேசையில் பரப்புங்கள்

இது ஆன்மிகமா என்று கேட்கலாம். திறக்காத கடிதம் தலையணைக்கடியில் இருக்கும்வரை எந்த மந்திரமும் உள்ளே இறங்காது என்பது என் அனுபவம். கடன், மருத்துவச் சீட்டு, நீதிமன்றத் தாள், ஈபிஎஃப் சேமநிதிக் கணக்கு, எல்லாவற்றையும் ஒரு நாள் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தால் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் செய்யவேண்டாம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆள்குறைப்பில் வேலை போனவர்களுக்கு சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-லிருந்து இருக்கிறது. வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம்வரை சம்பளத்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனுப் போடவேண்டும். அந்த 60 நாளும் நான் செரண்டாவில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

படி 3: 'யார் செய்த வினை?' என்ற விசாரணையை மூடுங்கள்

நமக்கு ஒரு கஷ்டம் வந்தால், ஆறுதலுக்கு முன்னால் விசாரணைக் கமிஷன் வந்துவிடும். ஏழரைச் சனியா, பித்ரு தோஷமா, யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா, தோட்டத்துக் கோயிலை இடம் மாற்றியபோது முனீஸ்வரருக்குக் குறை வைத்துவிட்டோமா? எனக்கும் ஒருவர் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் தோண்டி எடுத்துக் காட்டினார். 1,800 வெள்ளி. அந்தப் பழம் புதிதாக, பச்சையாக இருந்தது. மண்ணுக்குள் மூன்று மாதம் கிடந்ததாக அவர் சொன்ன பழம் எப்படிப் பச்சையாக இருக்கும் என்று கேட்கக்கூட அன்று எனக்குத் தெம்பில்லை.

வினைக்கோட்பாட்டை நம்பவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடிபட்டுக் கிடக்கும்போது அதைக் கையில் எடுத்தால், அது உங்களையே அடிக்கிற பிரம்பாகத்தான் ஆகும். பிள்ளையை இழந்த ஒரு தாயிடம் போய் 'போன ஜென்மத்துப் பாவம்' என்று சொல்கிறவரைவிட, ஒன்றும் சொல்லாமல் சோறு பொங்கி எடுத்துக்கொண்டு போகிறவர் மேல்.

சில கேள்விகளுக்குப் பதில் வராது, வராமலே வாழவேண்டியிருக்கும். இதை எங்கள் வட்டாரம் நன்றாகவே அறியும். 1948 டிசம்பர் 12-ஆம் தேதி பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளிகளை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய குடும்பங்கள் ஒரு பொது விசாரணை கேட்டு லண்டன்வரை போயின. 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அந்தச் சம்பவம் நடந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள் அதற்குள் கிழவன் கிழவிகளாகிவிட்டார்கள். நியாயம் கேட்பதை அவர்கள் விடவில்லை; அதற்காக மரம் வெட்டப் போகாமலும் பிள்ளை வளர்க்காமலும் இருந்துவிடவில்லை. 2022 டிசம்பர் 16 விடியுமுன் பத்தாங் காலி மலைச்சரிவில் முகாம் போட்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அதில் யார் ஜாதகத்தைப் பார்ப்பது?

படி 4: ஒரே ஒருவரிடம் முழு உண்மையும்

ஊருக்கே சொல்லவேண்டியதில்லை. ஒருவர் போதும். ஆனால் அவரிடம் பாதி சொல்லி மீதியை மறைக்கக்கூடாது. நான் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவரிடம் சொன்னேன். பாக் சிக் என்றுதான் கூப்பிடுவேன். என் சொந்தக்காரர்கள் யாரையும் அவருக்குத் தெரியாது. அதுவே பெரிய நிம்மதி. முழுவதையும் கேட்டுவிட்டு, 'சாப்பிட்டாயா?' என்றார்.

படி 5: தினமும் இருபது நிமிடம்

இதுதான் நடுநாயகம். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேரத்தை முதலில் பிடியுங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விடியற்காலை புதிதல்ல. ஐந்தரைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்ற உடம்பு அது. ஆனால் தூக்கம் கெட்டிருக்கிற காலத்தில் நாலரைக்கு அலாரம் வைத்துப் பிரம்ம முகூர்த்தம் பார்க்காதீர்கள். தூக்கம் முக்கியம். ஏழு மணிக்கு எழுந்தால் ஏழேகாலுக்கு உட்காருங்கள்.

இடம், நாற்காலி. பத்மாசனம் வேண்டாம். என்னுடையது அம்மா வீட்டு வாசலில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கால் விரிசல் விட்டு, கம்பி போட்டுச் சுற்றியிருந்தது. முதுகு சாயாமல், பாதம் இரண்டும் தரையில் பட, கை மடியில். கொசு இருந்தால் கொசுவத்தி ஏற்றிக்கொள்ளுங்கள். கொசுக்கடியைத் தாங்குவது தவம் அல்ல.

மூச்சு தானாகப் போய் வரட்டும். வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்துவரை. பிறகு மறுபடி ஒன்று. முதல் நாள் நான் நான்கைத் தாண்டவில்லை. நான்குக்குள் வங்கி, மேலாளர், மனைவியின் முகம், எல்லாம் வந்து போயின. அப்படி மனம் ஓடியதைக் கவனித்ததும் திட்டாமல் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். இருபது நிமிடத்தில் முப்பது தடவை ஓடினால் முப்பது தடவை திரும்பி வந்திருக்கிறீர்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கும் கும்பகத்தை மட்டும் ஆசிரியர் இல்லாமல் செய்யவேண்டாம்.

மூன்று நான்கு வாரம் போனதும் ரமணர் சொன்ன வழியைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம். 'நான் உருப்படாதவன்' என்று ஓர் எண்ணம் வருகிறதா? அதோடு வாதம் பண்ணாமல், இந்த எண்ணம் யாருக்கு வருகிறது என்று கேளுங்கள். எனக்கு. அந்த நான் யார்? பதில் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. கேட்ட அந்த நொடியில் எண்ணத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழும். அவ்வளவு போதும். எனக்கு முதல்முறை விழுந்தபோது என்ன தோன்றியது தெரியுமா? எதிர்வீட்டுக் கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது ரொம்ப நேரமாக என்று தெரிந்தது. ஒன்றரை மாதமாக அந்தக் கோழிச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை.

எல்லாருக்கும் கண் மூடி உட்காருவது ஒத்துவராது. விபத்தையோ வன்முறையையோ கண்ணால் பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்து நிற்கலாம். அப்படியானால் வற்புறுத்தாதீர்கள். கண்ணைத் திறந்து, எதிரே இருக்கிற ஐந்து பொருளைப் பெயர் சொல்லி எண்ணுங்கள்: வாளி, செருப்பு, செம்பருத்தி, கேட், பூனை. பிறகு எழுந்து நடங்கள். நடப்பதும் சாதனைதான். அதுவும் சிரமமென்றால் எழுத்து ஜபம் இருக்கிறது. சிவானந்தர் வலியுறுத்திய முறை. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் உங்களுக்குப் பிடித்த நாமத்தை, தினம் ஒரு பக்கம், பேசாமல், அவசரப்படாமல் எழுதுவது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் 'இன்று இருக்கிறேன்' என்று எழுதட்டும்.

உலு யாமில் இருப்பவர்கள் ஆற்றுப் பக்கம் போவார்கள். போங்கள், ஆற்றங்கரைப் பாறைக்கு நிகரான தியான மண்டபம் கிடையாது. ஆனால் தனியாகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து, திடீரென்று வெள்ளம் புரண்டு வரும். மலாயில் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். தண்ணீர் கலங்கிச் சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். சனி ஞாயிறுகளில் பத்துமலைக்குப் போகும் காட்டு ரோட்டில் மோட்டார்ப் படை சீறிக்கொண்டு போகும். அமைதிக்கு வார நாள்தான் தோது.

படி 6: கோயிலுக்குப் போகும் விதம்

மூன்று மாதம் ஒரே கோயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் இருப்பவர்கள் திங்கள் ஒரு கோயில், செவ்வாய் ஒரு கோயில், சனிக்கிழமை நவக்கிரகம் என்று பெட்ரோலைக் கரைப்பார்கள். புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தில் 51 சக்தி பீடங்களின் திருவுருவங்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, ஒருநாள் போய் வாருங்கள். ஆனால் அன்றாடத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக் கோயில்தான் சரி. கூட்டமில்லாத நேரத்தில் போய், எதையும் கேட்காமல், பத்து நிமிடம் தூணோரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

நேர்த்திக்கடன் பற்றி ஒரு வார்த்தை. பத்துமலையில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருகிற தைப்பூசத்தில், அந்த 272 படியைக் காவடியோடு ஏறியவர்கள் எத்தனையோ பேர் மனம் தெளிந்து இறங்கியிருக்கிறார்கள். அதில் காவடிக்கு ஒரு பங்கு என்றால், அதற்கு முந்தைய விரதத்துக்கு மூன்று பங்கு: ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, குடியில்லை, கெட்ட வார்த்தை இல்லை, தினம் குளியல், கூடவே வீட்டார் துணை. 'அவள் திரும்பி வந்தால் காவடி எடுக்கிறேன்' என்று முருகனோடு பேரம் பேசினால், அவள் வராத நாளில் முருகன்மேலும் கோபம் வரும். நான் பேரம் பேசாமல் பால்குடம் எடுத்தேன். படி ஏறும்போது முட்டி வலித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. அன்று இரவு மட்டும் ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

படி 7: குருவைத் தேடும்போது

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் சந்திப்பிலேயே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னாலும், குடும்பத்தாரோடு பேசாதே என்றாலும், தனியாக அறைக்கு வா என்றாலும் அப்படியே. வயசும் காவியும் சான்றிதழ் அல்ல. யாரையும் தெரியவில்லையென்றால் பல காலமாக எல்லார் கண் முன்னால் நடக்கிற இடங்களுக்குப் போங்கள்: பத்துமலையில் சிவானந்த ஆசிரமம், பிரிக்ஃபீல்ட்ஸில் 1904-லிருந்து இருக்கிற விவேகானந்த ஆசிரமம், பூச்சோங்கில் சுவாமி சத்தியானந்தர் தொடங்கிய சுத்த சமாஜம். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம்.

படி 8: தன்னைத் தான் ஒத்துக்கொள்வது

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். தியானம் பழகிவிடலாம்; கண்ணாடியில் தெரிகிற ஆளை ஒத்துக்கொள்ள வருஷம் ஆகும். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து தோட்டத்து மக்களிடமும் சுயமரியாதை பேசிவிட்டுப் போனார். பிறப்பால் எவனும் உன்னைவிட மேல் இல்லை என்பதை நம் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் தொழிலில் தோற்றவன், கட்டியவள் விட்டுப்போனவன், வாழாவெட்டி, மலடி என்று நமக்குள்ளேயே போட்டுக்கொண்ட புதிய தாழ்வுகளை எந்த மேடையும் வந்து எடுத்துவிடவில்லை.

செய்யவேண்டியது இதுதான். ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் நடந்ததில் உங்கள் தவறுகளை மட்டும் எழுதுங்கள், சப்பைக்கட்டு இல்லாமல். வலப்பக்கம் உங்கள் கையில் இல்லாதவற்றை. என் தாளில் இடப்பக்கம் மூன்றே வரி: பொய் சொன்னேன், குடித்தேன், மகளின் பள்ளி விழாவுக்குப் போகவில்லை. வேலை போனது வலப்பக்கம் இருந்தது. அதுவரை எல்லாமே இடப்பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்து வரிகளுக்கு ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்கவேண்டும், பதிலை எதிர்பார்க்காமல். வலப்பக்கத்துக்கு அழவேண்டும். அழுது முடிந்ததும் தாளை வைத்துக்கொள்ளலாம், எரிக்கலாம், உங்கள் இஷ்டம்.

என் அம்மா 31 வருஷம் பால்மரம் வெட்டியவர். நான் ஒரு நாள், 'என் வாழ்க்கை கெட்டுப்போச்சும்மா' என்றேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"கத்தி ஆழமா எறங்கிட்டா மரத்துல காயம் விழும்டா. அந்த எடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வரும், கத்தி நிக்காது. அதுக்காக மரத்தையா சாச்சுப்புட்டாங்க? முடிச்சை விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளி வெட்டுவோம். பால் வரும்."

பிறகு கீரைத் தண்டை என் பக்கம் தள்ளி, "சும்மா ஒக்காந்திருக்காம இதை நறுக்கு" என்றார்.

படி 9: பழைய தொழிலைத் தூசு தட்டுங்கள்

உங்களுக்கு என்ன வேலை தெரியும்? தையலா, வெல்டிங்கா, கணக்கா, சமையலா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதா? விழுந்ததோடு அதுவும் போய்விட்டதென்று நினைப்பு இருக்கும். கை மறந்திருக்காது. வாரத்தில் இரண்டு மணி நேரம் அதைச் சம்பளமில்லாமல் யாருக்காவது செய்யுங்கள். கோயில் கோத்தோங் ரோயோங்கில் ஒயரிங் பாருங்கள், தமிழ்ப்பள்ளியில் கேட்டுப் பாருங்கள், தனியாக இருக்கிற கிழவிக்குக் கிளினிக் போக வண்டி ஓட்டுங்கள். சேவை செய்தால் புண்ணியம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன்மேல் கசப்பு வந்தவருக்குத் தன் கைத்திறமையைத் தானே பார்ப்பதைப்போல் மருந்து இல்லை. சிவானந்தர் லட்சுமண் ஜூலாவில் மருந்தகம் திறந்தபோது அவருக்கும் அது கொஞ்சம் தேவைப்பட்டிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

என்ன எதிர்பார்க்கலாம்?

முதல் மாதம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் மாதம் கோபம் கூடும். அமுங்கிக் கிடந்தது மேலே வருகிறது, பயப்படாதீர்கள். தீபாவளி, மகள் பிறந்தநாள், வேலை போன தேதி, இந்த நாள்களில் பழைய குழிக்கே போய்விட்ட மாதிரி இருக்கும். அன்றைக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காமல் இருந்தால் போதும். ஒளியோ தரிசனமோ எனக்கு வந்ததில்லை. வந்தவர்கள் சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

என் மனைவி திரும்பி வரவில்லை. மகள் மாதம் இரண்டு முறை வருகிறாள், பாட்டியோடு சேர்ந்து என்னைக் கேலி பண்ணுகிறாள். நான் இப்போது ஒரு சிறிய கிடங்கில் வேலை செய்கிறேன், பழைய சம்பளத்தில் பாதி. சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். 19 வருஷம் அறிக்கையும் படிவமும் நிரப்பிய கை. சொக்சோ, ஈபிஎஃப், சமூகநல இலாகா என்று யார் எந்தப் பாரத்தோடு வந்தாலும் நிரப்பிக் கொடுப்பேன். வருகிறவர்களிடம் முதலில் தேதியைத்தான் கேட்பேன்.

நீங்களும் ஆள்குறைப்பில் வேலை இழந்தவராக இருந்து, இன்னும் 60 நாள் ஆகவில்லையென்றால், தியானம் நாளைக்கு இருக்கட்டும். இன்றைக்கு அந்த மனுவைப் போட்டுவிடுங்கள்.